நாயன்

தமிழ் முஸ்லிம்கள் இறைவனை ‘வல்ல நாயன்’ என வழங்குவதில் உள்ள ‘நாயன்’ என்னும் சொல், நடத்திச் செல்பவன் என்று பொருள்படும் ‘நாயக’ என்ற வடசொல்லோடு தொடர்புடையது. அதன் உயர்வுப் பன்மையாகிய ‘நாயனார்’ சைவ அடியார் அறுபத்துமூவரைக் குறிக்க, இனமொழியாகிய ‘நாயகம்’ நபிகளுக்கு உரிய அடைமொழியாயிற்று.

அல்லாஹ் என்பது இறைவனின் தனிப்பெயர் எனவும், அஸ்மாஉல் ஹுஸ்னா எனப்படும் அழகிய திருநாமங்கள், மரபில் 99 என எண்ணப்படுபவை, அவனுடைய பண்புகளை உணர்த்துவன எனவும் கொள்வர். அவற்றுள் பேராற்றலுடையோன் எனப் பொருள்படும் ‘காதிர்’ என்ற திருநாமத்தின் சாயலை ‘வல்ல’ என்னும் அடையில் காணலாம். குர்ஆனின் முதல் அத்தியாயத்தில் இறைவனைச் சுட்டும் ‘ரப்பு’ என்னும் சொல்லோ உடைமையாளன், வளர்த்துக் காப்பவன் ஆகிய இரு பொருளையும் ஒருங்கே தருவதாதலால், ‘நாயன்’ அதன் முற்பாதியையே ஏற்கிறது எனலாம்.

இதே சொற்குடும்பத்தைச் சேர்ந்ததாகக் கருதப்படும் ‘நாச்சியார்’ என்பது ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளையும் அவளது ‘நாச்சியார் திருமொழி’யையும் நினைவூட்ட, தமிழ் முஸ்லிம் வழக்கிலோ நபிகளின் மகளார் பாத்திமாவின் பெயரோடு சேர்ந்து ஒலிக்கிறது, ஆயினும் வைணவத்தில் திருமாலின் தேவியைக் குறிக்கும் இச்சொல், இஸ்லாத்தில் மதிப்பிற்குரிய மானிடப் பெண்மணிக்கு உரிய மரியாதைச் சொல்லாக மட்டுமே நிற்கிறது.