இ2எஃப்எஸ்சிகே

லினக்ஸின் எக்ஸ்ட்2, எக்ஸ்ட்3, எக்ஸ்ட்4 கோப்பு முறைமைகளைச் சோதித்துச் சீராக்கும் கருவி. சோதனை 5 கட்டங்களாக நடக்கிறது: கோப்புகளின் விவரங்களை வைத்திருக்கும் ஐநோடுகளில் தொடங்கி, அடைவுகளின் அமைப்பு, அவற்றின் இணைப்பு, சுட்டு எண்ணிக்கை வழியாகத் தொகுதிக் குழுக்களின் சுருக்கக் கணக்கில் முடிகிறது. பெரிய வட்டுகளில் இதற்கு மணிக்கணக்கில் ஆகலாம். பெரிய எழுத்து ‘சி’ என்ற தெரிவை 0 என்ற மதிப்புடன் கொடுத்தால் முன்னேற்றப் பட்டை தெரியும். நள்ளிரவில் சர்வரின் முன் காத்திருப்பவருக்கு அது பெரிய ஆறுதல்.

வெளியேறும்போது தரும் எண்ணும் ஒரு செய்திதான். 0 என்றால் பிழையில்லை. 1 என்றால் பிழை திருத்தப்பட்டது. 4 என்றால் திருத்தப்படாத பிழை எஞ்சியிருக்கிறது.

குறை வேறிடத்தில் இருக்கிறது. பழுதான கோப்பைப் பல செய்திகள் ஐநோடு எண்ணால் மட்டுமே குறிக்கின்றன. நிர்வாகிக்குத் தேவைப்படுவதோ கோப்பின் பெயர். சிதைந்தது தற்காலிகக் கோப்பா, சம்பளக் கணக்கின் தரவுத்தளமா? அதை அறிய டீபக்எஃப்எஸ் கருவியின் ‘என்செக்’ கட்டளையைத் தனியே இயக்க வேண்டியிருக்கிறது. அடைவுப் பதிவை இழந்த கோப்புகளோ ‘லாஸ்ட்+ஃபவுண்ட்’ அடைவில் எண்ணையே பெயராகக் கொண்டு கிடக்கின்றன. திருத்துவதற்கு முன்பே, இயன்ற இடங்களிலெல்லாம் பெயரையும் சேர்த்துச் சொல்வதே இக்கருவிக்கு மிக அவசியமான மேம்பாடு.

‘என்’ தெரிவு வட்டில் எதையும் மாற்றாமல் பிழைகளை மட்டும் காட்டும். அந்த வெளியீட்டை வேறொரு வட்டில் சேமித்த பிறகு திருத்தத்தைத் தொடங்குவது பாதுகாப்பானது.