களிம்பேறிய சுவிட்சும் கொல்லிமலை இரவும்

காரவள்ளியிலிருந்து சோளக்காட்டுக்கு ஏறும் கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. மழைக்காலத்து மூடுபனியில், இரவு நேரத்தில் அவற்றில் இறங்குபவருக்கு ஹெட்லைட்டே கண், ஹாரனே வாய். சில ஆண்டுகளுக்கு முன் செம்மேட்டிலிருந்து பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றில் அப்படி இறங்கிக்கொண்டிருந்தேன். 6 வோல்ட் பாட்டரி பூட்டிய வண்டி அது. பாதி வழியில் ஹெட்லைட் அகல் விளக்குப் போல மங்கிவிட்டது, ஹாரனும் ஒலிக்கவில்லை. முன்னே சென்ற லாரியின் சிவப்பு விளக்கைத் துணையாகக் கொண்டு ஒருவாறு அடிவாரம் வந்து சேர்ந்தேன்.

பட்டறையில் பாட்டரியை மாற்றினார்கள். டைனமோவைக் கழற்றிப் பார்த்தார்கள். பயனில்லை. குறை இருந்ததோ ஹேண்டில்பாரில், இடக்கைப் பெருவிரல் படும் இடத்திலிருந்த டிம்-பிரைட் சுவிட்சுக்குள்!

இந்தச் சிறு பெட்டி பெருவிரலுக்கு அருகில் வந்த கதையைப் பார்ப்போம். தொடக்க கால மோட்டார் சைக்கிள்களில் மின்விளக்கு கிடையாது. கால்சியம் கார்பைடின் மீது நீர் சொட்டி உண்டாகும் அசெட்டிலின் வாயுதான் எரிந்தது. அதைப் பற்றவைக்கவும் அணைக்கவும் வண்டியை நிறுத்தி இறங்க வேண்டும். 1920களில் மாக்னெட்டோவையும் டைனமோவையும் ஒன்றாக இணைத்த லூகாஸ் நிறுவனத்தின் 'மாக்டைனோ' போன்ற கருவிகள் வந்தபின் மின்விளக்கு பரவியது. எதிரே வருபவரின் கண் கூசாமல் ஒளியைத் தாழ்த்த வேண்டும். அதற்காகக் கைப்பிடியிலிருந்து கையை எடுக்கவும் கூடாது. எனவே தாழ்த்தும் சுவிட்சும் ஹாரன் பொத்தானும் ஹேண்டில்பாருக்கு வந்தன. 1955-இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கப்பட்டு, 'புல்லட்' வண்டிகள் நம் சாலைகளில் பெருகியபோது இந்த அமைப்பும் நமக்குப் பழகிப்போனது.

சுவிட்சுக்குள் இருப்பவை சில பித்தளைத் துண்டுகள், ஒரு சுருள்வில், சிலவற்றில் ஒரு எஃகுக் குண்டு. வில்லும் குண்டும் நெம்புகோலைச் சட்டென்று தள்ளிவிடுகின்றன. மெதுவாகப் பிரியும் தொடுமுனைகளுக்கிடையே மின்பொறி நீடித்து உலோகத்தை அரிக்கும். இதைத் தவிர்க்கச் சட்டென்று பிரியும் சுவிட்சை 1884-இலேயே இங்கிலாந்தின் ஜான் ஹென்றி ஹோம்ஸ் உருவாக்கியிருந்தார்.

சரி, இரண்டு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருந்தும் மின்சாரம் ஏன் தடுமாறுகிறது? எவ்வளவு வழவழப்பான பரப்பும் நுண்ணோக்கியில் மலைத்தொடர் போலத்தான் தெரியும். இரண்டு மலைத்தொடர்களைக் கவிழ்த்து வைத்தால் சில சிகரங்கள் மட்டுமே தொடும் அல்லவா? கேம்பிரிட்ஜில் பௌடன், டேபர் இருவரும் 1939-இல் வெளியிட்ட ஆய்வு இதை மின்தடையை அளந்தே காட்டியது. உண்மையில் தொடும் பரப்பு, கண்ணுக்குத் தெரியும் பரப்பில் மிக மிகச் சிறு பங்கு. அழுத்தும் விசை கூடினால் அதுவும் கூடும். சுவீடன் நாட்டு இயற்பியலாளர் ராக்னர் ஹோம் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இத்தகைய தொடுமுனைகளுக்கே செலவிட்டார். 1941-இல் வெளிவந்த அவருடைய ஜெர்மன் நூல் இத்துறைக்கு அடிப்படையாயிற்று. சுவிட்சு என்றால் அற்பப் பொருள் என்று நினைக்கும் என் மாணவர்களுக்கு நான் ஹோமைத்தான் சொல்வது வழக்கம்.

பித்தளையில் செம்பு உண்டு. ஈரமும் காற்றிலுள்ள கரியமில வாயுவும் சேர்ந்தால் அதன்மேல் பச்சைக் களிம்பு பூக்கும். வில்லும் தளர்ந்துவிட்டால் தொடும் சிகரங்கள் மேலும் குறையும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 6 வோல்ட்டில் எரியும் 30 வாட் பல்பு 5 ஆம்பியர் மின்னோட்டத்தை எடுக்கும். களிம்பின் தடை 0.2 ஓம்தான் என்று கொள்வோம். ஏறத்தாழ 0.9 வோல்ட் சுவிட்சிலேயே தங்கிவிடும், பல்புக்கு 5.1 வோல்ட்தான் கிடைக்கும். பல்பின் ஒளி, மின்னழுத்தத்தின் 3.4 படியை ஒட்டி மாறுகிறது. ஆகவே அழுத்தம் ஆறில் ஒரு பங்கு குறைவதற்குள் ஒளி பாதியை நெருங்கிவிடும். 12 வோல்ட் வண்டியில் அதே 30 வாட்டுக்கு 2.5 ஆம்பியர் போதும். அதே களிம்பு ஒளியில் ஏழில் ஒரு பங்கைத்தான் தின்னும். பழைய 6 வோல்ட் வண்டிகள் மங்கலுக்குப் பேர்போனதில் டைனமோவின் பங்கு உண்டுதான். ஆனால் பழி முழுவதையும் அதன்மேல் போடுவது நியாயமில்லை.

நான் செய்த பழுதுபார்ப்பு எளியது. விளக்கு எரியும்போதே மல்டிமீட்டரின் இரு முனைகளையும் சுவிட்சின் உள்ளே வரும் கம்பியிலும் வெளியே போகும் கம்பியிலும் வைத்தேன், 0.9 வோல்ட் காட்டியது. பாட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் சுவிட்சைப் பிரித்தேன். துணி இல்லாவிட்டால் துள்ளி ஓடும் குண்டைத் தேடியே பொழுது போய்விடும். இறுகிப்போன கிரீசை மண்ணெண்ணெயால் துடைத்து, களிம்பைப் பென்சில் அழிப்பானால் தேய்த்து எடுத்தேன். முரட்டு உப்புத்தாள் கூடாது. புதிய கீறல்களில் ஈரம் தங்கும், வெள்ளிப் பூச்சு இருந்தால் அதுவும் போய்விடும். வில்லைச் சற்றே இழுத்து நீட்டி, மிக மெல்லிதாக வாசலின் தடவி மூடினேன். மீட்டரில் 0.1 வோல்ட்கூட இல்லை.

ஹாரன் மட்டும் ஊமையாகவே இருந்தது. பொத்தானில் களிம்பு இல்லை. பல பழைய வண்டிகளில் ஹாரன் பொத்தானுக்கு எர்த், ஹேண்டில்பாரின் இரும்பு வழியாகவே கிடைக்கிறது. வண்டியை அழகுபடுத்துவதாக எண்ணி, ஹேண்டில்பாரைப் பிடிக்கும் கிளாம்புக்கு உள்ளும் புறமும் தடித்த பெயின்ட் அடித்திருந்தேன், நானே! உள்புறத்தைக் கத்தியால் சுரண்டி, திருகை முடுக்கி, பொத்தானை அழுத்தினேன். தெருவில் போனவர் திடுக்கிட்டு விலகி நின்றார்.