எட்டணா விதி: சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் தனிநபர் நொடிப்பும் சொத்தும்

சித்தூரிலோ திருப்பதியிலோ ஒருவர் நீதிமன்றத்தில் ‘ஐ.பி.’ (நொடிப்பு மனு) போட்டுவிட்டார் என்று செய்தி பரவினால், கைக்கடன் கொடுத்தவர்கள் பணம் போனதாகவே முடிவு கட்டிவிடுகிறார்கள். மனுப் போட்டவரோ தாம் தப்பித்துக்கொண்டதாக எண்ணுகிறார். இரண்டு எண்ணங்களுக்கும் சட்டத்தில் ஆதாரம் இல்லை. இவ்வட்டாரத்தில் இன்றும் நடப்பில் உள்ள 1920ஆம் ஆண்டு மாகாண நொடிப்புச் சட்டம், கடனாளியிடம் மிஞ்சியிருக்கும் சொத்தைத் திரட்டிக் கடன் கொடுத்தோருக்குப் பங்கிடவே முதன்மையாக எழுதப்பட்டது. கடனிலிருந்து விடுதலை அதில் கடைசிப் படி. அந்தப் படியைச் சொத்தின் அளவோடு கட்டிவைத்ததால், எவருக்கு விடுதலை மிகவும் தேவையோ அவருக்கே அது எட்டாமல் போகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

2016இல் நொடிப்பு, திவால் தொகுப்புச் சட்டம் வந்த பிறகும் பழைய சட்டம் ஏன் நீடிக்கிறது என்ற கேள்வி இயல்பானது. புதிய சட்டத்தின் மூன்றாம் பாகம் தனிநபர்களுக்கானது. ஆனால் அது 2019 டிசம்பர் 1 முதல் கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்கள் அளவில் மட்டுமே நடைமுறைக்கு வந்தது. 1920ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கும் 243ஆம் பிரிவு இன்னும் உயிர்பெறவில்லை. ஆகவே மாந்தோப்பு விவசாயியும் கடைக்காரரும் பழைய சட்டத்தின் கீழேயே நிற்கிறார்கள். 1911இல் சென்னை மாகாணத்தில் உருவான சித்தூர் மாவட்டம் 1953இல் ஆந்திர மாநிலத்தோடு போனது. 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமானது. எல்லைகள் இத்தனை முறை நகர்ந்தும், எல்லைக்கு இருபுறமும் நொடிப்புச் சட்டம் அதே சட்டம்தான்.

மனுவைக் கொடுத்தவுடன் வசூல் நின்றுவிடாது. 500 ரூபாய்க்குக் குறையாத கடன் இருந்து, அதை அடைக்க இயலாதவர் மனுப் போடலாம். அந்தத் தொகையை எழுதி நூறாண்டு கடந்துவிட்டது. நீதிமன்றம் அவரை நொடித்தவர் என்று அறிவித்த பிறகே 28ஆம் பிரிவின்படி அவருடைய சொத்து நீதிமன்றத்திடமோ ரிசீவரிடமோ சேர்கிறது. அதன்பின் புரோநோட்டு வைத்திருப்பவர் நீதிமன்ற அனுமதி இல்லாமல் தனியாக வழக்குத் தொடர முடியாது. அடமானம் பிடித்தவரை இந்தத் தடை தொடாது. நிலப் பத்திரத்தின்மேல் கடன் கொடுத்த வங்கியும் நகையை வைத்திருக்கும் நிதி நிறுவனமும் தங்கள் ஈட்டை விற்றுக்கொள்ளலாம். பங்கீட்டுக்கு வருவது, அடமானங்கள் போக எஞ்சியது மட்டுமே. அதிலிருந்தும் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு ஜப்தியிலிருந்து விலக்கியவை வெளியே நிற்கும்: உடை, சமையல் பாத்திரம், படுக்கை, சமய வழக்கப்படி பெண் கழற்றக்கூடாத தாலி போன்ற நகை, கைவினைஞரின் கருவி, உழவரின் மாடும் விதைநெல்லும், அவர் குடியிருக்கும் வீடு. இங்கே ஒரு பாகுபாடு ஒளிந்திருக்கிறது. பலமனேரில் பயிர் செய்பவரின் அடமானமில்லா வீடு தப்பும்; திருப்பதியில் கடை வைத்திருப்பவரின் வீடு ஏலத்துக்குப் போகும். வீடு என்ற தேவை இருவருக்கும் ஒன்றாயிருக்க, தொழிலைப் பார்த்துக் கூரையைக் காப்பது பழைய காலத்துக் கணக்கு.

பரம்பரைச் சொத்தைப் பொறுத்தவரை சட்டம் ஓரளவு மாறியிருக்கிறது. தகப்பன் கடனை மகன் அடைக்கவேண்டும் என்ற தருமக் கடமையை மட்டும் காட்டி மகன்மேல் பாய்வதை, 2005ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைத் திருத்தம் அதன்பின் வாங்கிய கடன்களுக்கு நிறுத்திவிட்டது. ஆந்திரத்தில் மகளுக்குப் பங்குரிமை அதற்கும் இருபதாண்டு முன்பே, 1985 செப்டம்பரிலிருந்து வந்துவிட்டது. குடும்பத் தேவைக்காக வாங்கியது என்று நிரூபிக்கப்படும் கடன் வேறு வகை. ஜாமீன் நின்ற மைத்துனருக்கோ எந்த மாற்றமும் இல்லை. கடனாளிக்கு விடுதலை கிடைத்தாலும் ஜாமீன்தாரர் கட்டுண்டே இருப்பார் என்று நொடிப்புச் சட்டத்தின் 44ஆம் பிரிவு வெளிப்படையாகச் சொல்கிறது.

இனி, விடுதலை. அறிவிப்பு ஆணையில் குறித்த காலத்துக்குள் கடனாளி தனியே விண்ணப்பிக்க வேண்டும். தவறினால் 43ஆம் பிரிவின்படி அறிவிப்பே ரத்தாகிப் பழைய கடன்கள் முழுமையாகத் திரும்பிவரும். விண்ணப்பித்தாலும் 42ஆம் பிரிவு குறுக்கே நிற்கிறது. பிணையற்ற கடனில் ரூபாய்க்கு எட்டணா வீதமாவது சொத்து தேறாவிட்டால், நிபந்தனையற்ற விடுதலையை நீதிமன்றம் மறுத்தாக வேண்டும். பாதிக் கடனை அடைக்கும் அளவு சொத்துள்ளவர் பெரும்பாலும் கடன் கொடுத்தோருடன் பேசியே முடித்துக்கொள்வார். நீதிமன்றப் படி ஏறமாட்டார். தம் குற்றமில்லாமல் சொத்து குறைந்ததாக நிரூபித்தால் விலக்கு உண்டு என்பது உண்மைதான். ஆனால் நிரூபிக்கும் சுமை அவர் தலையில். 2025இல் தோத்தாபுரி மாம்பழ விலை சரிந்து, ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாயும் அரசு 4 ரூபாயும் தருவதென்று ஆந்திர அரசு ஏற்பாடு செய்ய நேர்ந்தது. அத்தகைய சரிவில் அடிபட்டவர் விலையை ஆதாரமாகக் காட்டலாம். உடனே அதே பிரிவின் மற்ற உட்பிரிவுகள் எழும்: முறையாகக் கணக்கு எழுதினாரா, திருப்பிக் கொடுக்கும் நியாயமான நம்பிக்கையோடுதான் கடைசிக் கடனை வாங்கினாரா? அடுத்த மகசூலை நம்பி வாங்கிய கடனை இந்த உரைகல்லில் உரைத்தால் எத்தனை பேர் தேறுவார்கள்?

விடுதலையை எளிதாக்கினால் ஏமாற்றுக்காரர் பெருகுவர் என்பது வலுவான மறுப்பு. மஞ்சள் கடுதாசி (நொடிப்பு அறிவிப்பு) கொடுத்துவிட்டு மனைவி பெயரில் மாடி கட்டியவர்கள் பற்றிய பேச்சு ஊர்தோறும் உண்டு. அதற்கான மருந்து சட்டத்திலேயே இருக்கிறது. மனுவுக்கு முந்திய இரண்டாண்டுக்குள் தக்க விலையின்றிக் கைமாற்றிய சொத்தை 53ஆம் பிரிவின்படி மீட்கலாம். மனுவுக்கு முந்திய மூன்று மாதத்தில் ஒருவருக்கு மட்டும் சலுகையாகக் கொடுத்ததை 54ஆம் பிரிவு செல்லாததாக்கும். மோசடியால் உண்டான கடன் விடுதலையிலும் கரையாது. மோசடியைத் தடுப்பவை இப்பிரிவுகளே. எட்டணா விதி வறுமையை மட்டுமே அளக்கிறது. கைக்கடன் கொடுத்தவர்களில் ஓய்வூதியப் பணத்தை வட்டிக்கு விட்டவர்களும் உண்டே என்ற இன்னொரு மறுப்பை எளிதில் தள்ள முடியாது. அவர்கள் இழப்பு மெய்யானது. ஆனால் சொத்தே இல்லாதவரிடம் கடனை உயிரோடு வைத்திருப்பதால் அவர்கள் கைக்கு வருவது ஒன்றுமில்லை. 2014இல் ஆந்திர அரசு குடும்பத்துக்கு 1.5 லட்சம் ரூபாய் வரை அறிவித்த பயிர்க்கடன் தள்ளுபடியும் நிறுவனக் கடனைத்தான் தொட்டது. புரோநோட்டுக் கடன் அப்படியே நின்றது.

அப்படியானால் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூன்றாம் பாகம் முழுமையாக வரும்வரை காத்திருக்கலாமே? ஓராண்டு முடிந்ததும் விடுதலை என்ற அதன் ஏற்பாடு நல்லது. ஆனால் சொத்தில்லாதோருக்கான அதன் ‘புதுத் தொடக்க’ முறை, ஆண்டு வருமானம் 60,000, கடன் 35,000 ரூபாய்க்கு மிகாதவர்களுக்கே திறக்கிறது. மேலும் தனிநபர் வழக்குகள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகும். ஆந்திரத்தில் அது இருப்பது விசாகப்பட்டினத்தில், திருப்பதியிலிருந்து எழுநூறு கிலோமீட்டருக்கும் அப்பால். பக்கத்து ஊர் நீதிமன்றத்தை விட்டுக்கொடுத்து இந்தச் சலுகையை வாங்குவது நட்டம் என்றே நான் கருதுகிறேன்.

நொடிப்பு என்பது அரசமைப்பின் பொதுப்பட்டியலில் 9ஆம் இனம். 1938இல் சென்னை மாகாணச் சட்டமன்றம் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தால் பழைய வட்டியை வெட்டியது; அது சித்தூருக்கும் பொருந்தியது. அதுபோல ஆந்திரச் சட்டமன்றம் குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு 42ஆம் பிரிவைத் தன் மாநில அளவில் திருத்தலாம். எட்டணா விதியை எடுத்துவிட்டு, மோசடி நிரூபிக்கப்படாத கடனாளிக்கு மாவட்ட நீதிமன்றத்திலேயே குறித்த காலத்தில் விடுதலை என்று எழுதவேண்டும். குடியிருக்கும் வீட்டுப் பாதுகாப்பை உழவர் அல்லாதாருக்கும் ஒரு மதிப்பு வரம்போடு நீட்டவேண்டும்.