கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரிக்குப் போகும் மூட்டை

வடசென்னையின் மூலக்கொத்தளத்தில் உடம்புக்கு முடியாமல் போனவர்கள் தலைமுறை தலைமுறையாகப் போய்வரும் இடம் ஸ்டான்லி மருத்துவமனை. நடந்தே போய்விடலாம். ஆனாலும் வெறுங்கையோடு யாரும் அங்கே கிளம்பியதில்லை. மருத்துவமனை எதைக் கொடுத்தது, எதைக் கொடுக்கவில்லை என்பதைப் பொறுத்து, வீட்டிலிருந்து போகும் மூட்டை காலந்தோறும் மாறி வந்திருக்கிறது.

அந்த மருத்துவமனையின் கதை பழையது. 1780இல் ஹைதர் அலியின் படை கர்நாட்டிக் பகுதிக்குள் புகுந்தது. அதைத் தொடர்ந்த பஞ்சத்தில் கிராமத்து மக்கள் சென்னையை நோக்கி வந்தார்கள். அவர்களுக்குக் கஞ்சி ஊற்றுவதற்காக 1782 வாக்கில் கருப்பர் நகர மதிலுக்கு வடக்கே ஒரு சத்திரம் ஏற்பட்டது. அதுவே மணியக்காரர் சத்திரம். கஞ்சி வாங்க வந்த கூட்டத்தில் நோயாளிகளும் இருந்தார்கள். 1799இல் ஜான் அண்டர்வுட் என்ற மருத்துவர் ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார். பிற்காலத்தில் அந்த மருத்துவமனையோடு மருத்துவப் பள்ளி வளர்ந்தது. 1930களில் ஆளுநர் ஜார்ஜ் ஸ்டான்லியின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. 1938இல் அது கல்லூரியானது. வடசென்னைப் பெரியவர்கள் வாயில் மட்டும் அது கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரியாகவே நிலைத்துவிட்டது.

அரசு மருத்துவமனைக்குப் போகிறவர்கள் மறக்கக் கூடாத பொருள் ஒரு காலத்தில் காலி சீசா. மருந்தில் பெரும்பகுதி கலக்கித் தரும் மிக்சராக இருந்தது. கம்பவுண்டர் பெரிய ஜாடியிலிருந்து ஊற்றுவார், சீசா நோயாளியுடையது. வேளைக்கு எவ்வளவு என்று தெரிய, ஓரம் வெட்டிய காகிதப் பட்டையை அதன்மேல் ஒட்டுவார்கள். சீசா கொண்டுவராதவர் வெளியே ஓடிப்போய் வாங்கிவர வேண்டும். மாத்திரை காகிதப் பொட்டலத்தில் வரும். புறநோயாளிப் பிரிவு காலையில்தான் நடக்கும் என்பதால், சமைத்து முடித்து, சீட்டு வாங்கும் வரிசையில் முந்திக்கொள்ள விடியற்காலையே கிளம்ப வேண்டியிருந்தது. துறைமுகத்திலும் ஆலைகளிலும் தினக்கூலிக்குப் போனவர்களுக்கு அது ஒரு நாள் சம்பளத்தை இழப்பது. அந்த இழப்பை ஈடுகட்டுவதுதான் கிளம்புமுன் செய்துகொள்ள வேண்டிய முதல் ஏற்பாடு.

படுக்கையில் சேர்த்துவிட்டால் மூட்டை பெருத்துவிடும். நோயாளிக்குத் தட்டும் டம்ளரும் போர்வையும், துணைக்கு இருப்பவருக்குப் பாய், சுடுதண்ணீருக்குப் பிளாஸ்க், வீட்டிலிருந்து வேளாவேளைக்குத் தூக்கில் கஞ்சி. அறுவைச் சிகிச்சை என்றால் இரத்தம் கொடுக்க ஆளையும் கூட்டிவர வேண்டும்.

பிரசவத்துக்கான மூட்டை இன்னும் கவனமாகக் கட்டப்பட்டது. ராயபுரத்தில் சவலை ராமசாமி முதலியார் கொடையால் 1880இல் பிரசவ மருத்துவமனை அமைந்தது. அங்கே போகும் மாதம் நெருங்கும்போதே வீட்டில் பழைய பருத்திப் புடவைகளையும் வேட்டிகளையும் துவைத்து, வெயிலில் காயவைத்து, கிழித்து மடித்து வைப்பார்கள். பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி போடக் கூடாது என்பது வழக்கம். பலமுறை துவைத்த துணி மென்மையானது, ஈரத்தையும் நன்றாக உறிஞ்சும். தாய்மார்களின் இந்த அறிவு மதிக்கத்தக்கது.

மூட்டை இளைக்கத் தொடங்கியது 1990களில். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் அமைக்கப்பட்டு, மறு ஆண்டு முதல் அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வழங்கியது. மாத்திரைகள் அட்டைகளில் வந்தன, சீசா வழக்கொழிந்தது. 2008 முதல் 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது. 2015இல் அரசு மருத்துவமனையில் பிறக்கும் குழந்தைக்குத் துண்டு, சோப்பு உள்பட 16 பொருள்கள் கொண்ட பெட்டகம் தரும் திட்டம் வந்தது. வீட்டார் கட்டிய மூட்டையின் ஒரு பகுதியை அரசே கட்டிக் கொடுத்தது என்று சொல்லலாம். 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறது.

துணியும் சீசாவும் போன இடத்தில் காகிதம் வந்து சேர்ந்தது. 2009இல் அரசின் மருத்துவக் காப்பீடு தொடங்கிய பின் குடும்ப அட்டை, காப்பீட்டு அட்டை, பிறகு ஆதார், பழைய சீட்டு, ஸ்கேன் படம் என எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில் போகின்றன. குடிசைப் பகுதிகளில் மழைவெள்ளமும் தீவிபத்தும் முதலில் பறிப்பது இந்தப் பையைத்தான். படிக்கத் தெரியாத முதியவர் எந்தக் காகிதம் வேண்டும் என்று தெரியாமல் வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலைவது நியாயமில்லை. சீசாவையும் துணியையும் ஏற்றுக்கொண்ட மருத்துவமனை, நோயாளியின் பழைய குறிப்புகளைக் காத்துவைக்கும் பொறுப்பையும் முழுமையாக ஏற்க வேண்டும்.