வயிற்றுக்குள் குடியிருப்பவர்கள்

தூத்துக்குடியிலிருந்து மதுரைக்குப் போகிற சாலையில் எப்போதும்வென்றான் என்று ஓர் ஊர் இருக்கிறது. பெயரைக் கேட்டதும் வெளியூர்க்காரர்கள், “யாரை வென்றான்?” என்று கேட்டுச் சிரிப்பார்கள். அந்த ஊரில் என் அத்தை இருந்தாள். குழந்தை இல்லை. கணவனை இழந்த பிறகு தனிக்கட்டை. பிறந்ததிலிருந்து சைவம். கம்பங்கஞ்சியும் துவையலுமாகக் காலம் தள்ளினாள். மாட்டை விற்றபின் பாலும் மோரும்கூட நின்று போயின.

ஒருமுறை போயிருந்தபோது, “தரையில நடக்கிற மாதிரியே இல்லை ஐயா. பருத்தி அம்பாரத்து மேலே நடக்கிற மாதிரி இருக்கு” என்றாள். செருப்பு கழன்று போவதுகூடத் தெரியவில்லையாம். “வயசாகுதில்லையா, அத்தை?” என்று சொல்லிவிட்டு நான் பஸ் ஏறிவிட்டேன். ஒரு வருஷத்தில் அவள் ஆளே மாறிப்போனாள். அடுப்பை மூட்டிவிட்டு மறந்தாள். பக்கத்து வீட்டுக்காரி தன்னுடைய நெல்லைத் திருடுகிறாள் என்று சண்டை போட்டாள். ஊரார் மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். கடைசியில் கோவில்பட்டியில் ஒரு டாக்டர் ரத்தத்தைச் சோதித்துவிட்டு, “இது பைத்தியமில்லை. பி-12 என்ற வைட்டமின் இல்லை” என்றார்.

அன்றிலிருந்து அந்த வைட்டமினின் சரித்திரத்தைத் தேடிப் படித்தேன்.

சோகை முற்றி மனிதர்கள் சாகிற ஒரு நோயை இங்கிலாந்தில் அடிஸன் என்ற வைத்தியர் 1855-ல் விவரித்து எழுதினார். அந்த நோயாளிகளில் பலருக்குக் கால் மரத்துப் போயிற்று; சிலருக்குப் புத்தியும் தடுமாறியது. எழுபது வருஷம் மருந்தே இல்லை. 1926-ல் அமெரிக்காவில் மைனாட், மர்ஃபி என்ற இருவர், தினமும் ஈரல் தின்னக் கொடுத்தால் நோயாளி பிழைக்கிறான் என்று கண்டார்கள். காஸில் என்ற இன்னொரு டாக்டர், தாமே மாட்டிறைச்சியைச் சாப்பிட்டு, ஒரு மணி நேரம் கழித்து அதை வயிற்றிலிருந்து வெளியே எடுத்து நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். வெறும் இறைச்சி கேட்காத நோய் இதற்குக் கேட்டது. ஆகாரத்தில் இருக்கிற ஒன்றும் இரைப்பையில் ஊறுகிற ஒன்றும் சேர்ந்தால்தான் பலன் என்று அதிலிருந்து தெரிந்தது. ஆகாரத்தில் இருந்த அந்தப் பொருளை 1948-ல் சிவப்புப் படிகமாகப் பிரித்தெடுத்தார்கள். அதுதான் பி-12.

இதில் ஓர் ஆச்சரியம். இந்த வைட்டமினைக் கம்பும் நெல்லும் பருப்பும் தயாரிப்பதில்லை. ஆடும் மாடும்கூடத் தயாரிப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்கிருமிகள்தாம் தயாரிக்கின்றன. பசுவின் பெருவயிற்றில் குடியிருக்கிற கிருமிகள் உண்டாக்கியதைத்தான் நாம் பாலில் குடிக்கிறோம். மனிதனுடைய பெருங்குடலிலும் அப்படிப்பட்ட கிருமிகள் உண்டு. ஆனால் வைட்டமினை உறிஞ்சும் இடம் அதற்கு மேலே, சிறுகுடலின் கடைசிப் பகுதியில் இருக்கிறது. கண்மாய்க்குக் கீழே பெய்கிற மழை கண்மாயை நிரப்புமா? அதுபோலத்தான்.

அப்படியானால் பாலோ மாமிசமோ அதிகம் கண்டறியாத நம்முடைய ஏழை ஜனங்கள் இத்தனை காலம் எப்படிப் பிழைத்தார்கள்? இந்தக் கேள்விக்குப் பதிலில் ஒரு பகுதி நம் வேலூரிலிருந்தே கிடைத்தது. 1960-ஐ ஒட்டிய வருஷங்களில் வட ஆர்க்காட்டுக் கிராமங்களில் ‘ஸ்ப்ரூ’ என்ற நோய் பரவியது. ஓயாத பேதி, உண்டது உடம்பில் ஒட்டாமல் மனிதர்கள் உருகிப் போவார்கள். வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் பேக்கரும் மாத்தனும் அதை வருஷக்கணக்கில் ஆராய்ந்தார்கள். குடலுக்குள் மெல்லிய குழாயை இறக்கி அங்கே இருக்கிற நீரை எடுத்துப் பரிசோதிப்பது அவர்கள் ஆராய்ச்சியில் ஒரு பகுதி. நோயில்லாத தென்னிந்தியர்களுடைய சிறுகுடலிலும் மேல்நாட்டாரைவிடக் கிருமிகள் மிகுதி என்பது தெரிய வந்தது. 1980-ல் ஆல்பர்ட், மாத்தன், பேக்கர் மூவரும் ‘நேச்சர்’ பத்திரிகையில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சிறுகுடலில் வாழும் கிருமிகளில் இரண்டு வகையாவது பி-12-ஐக் கணிசமாகத் தயாரிக்கக்கூடும் என்று அதில் காட்டினார்கள். அங்கே உண்டானால் அது கண்மாய்க்கு மேலே பெய்த மழை. உடம்புக்குப் போய்ச் சேர வழி உண்டு.

இதைப் படித்தவுடன் சந்தோஷப்பட்டுவிடக் கூடாது. இந்தக் கிருமிகள் கொடுப்பது எல்லோருக்கும் போதுமானது என்று யாரும் நிரூபிக்கவில்லை. நம் நாட்டுச் சைவர்களில் பலருக்கு இந்த வைட்டமின் குறைவாகவே இருக்கிறது. போதாததற்குச் சிறுகுடலில் கிருமிகள் அளவு மீறிப் பெருகினால், வருகிற பி-12-ஐ அவையே தின்றுவிடுவதும் உண்டு. குடியிருப்பவன் வாடகையும் கொடுப்பான். சமயத்தில் வீட்டையும் காலி பண்ணுவான்.

வயிற்றுக் கிருமிகள் மூளையையே ஆட்டி வைக்கின்றன என்று இப்போது நிறையப் பேசுகிறார்கள். கிருமியே இல்லாமல் வளர்த்த சுண்டெலிகளை அடைத்து வைத்தால், அவற்றின் உடம்பு மற்ற எலிகளைவிட அதிகமாகப் பதறுகிறது என்று ஜப்பானில் 2004-ல் கண்டார்கள். ஆனால் எலிக்குச் சொன்னதை எல்லாம் மனிதனுக்குச் சொல்ல அவசரப்பட வேண்டாம். பி-12 விஷயத்தில் சந்தேகத்துக்கு இடமில்லை. அது இல்லாவிட்டால் நரம்பின் உறை கெடும், கால் மரக்கும், நினைவும் நிதானமும் போகும்.

ஊசி போட்ட சில மாதங்களில் அத்தைக்கு நினைவு திரும்பியது. பக்கத்து வீட்டுக்காரியிடம் மன்னிப்புக் கேட்டாள். கால் மட்டும் பழையபடி ஆகவில்லை. கம்பு ஊன்றித்தான் நடந்தாள். நான் படித்ததையெல்லாம் ஒருநாள் அவளிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, “இத்தனை பேரை வயித்துல வச்சுக்கிட்டா ஐயா, எனக்கு யாருமில்லேன்னு இருந்தேன்?” என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நரம்பு நாள்பட்டுக் கெட்டுவிட்டால் முழுக்கத் திரும்பாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பருத்தி அம்பாரம் என்று அவள் சொன்ன அன்றைக்கே நான் அவளையும் பஸ்ஸில் ஏற்றியிருக்க வேண்டும். உங்கள் வீட்டில் பெரியவர்கள் யாராவது கால் மரக்கிறது என்று சொன்னால், “வயசாகுதில்லையா?” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.