சூரிச் மானிடவியல் துறை: 1951ஆம் ஆண்டு

சூரிச் பல்கலைக்கழகத்தின் மானிடவியல் நிறுவனம் 1899இல் ருடோல்ஃப் மார்ட்டின் தலைமையில் தொடங்கியது. மனித உடலை அளப்பதே அன்று அதன் முதல் வேலை. 1914இல் வெளியான மார்ட்டினின் பாடநூல் அவ்வேலைக்கு இலக்கணமாயிற்று. 1911இல் பொறுப்பேற்ற ஓட்டோ ஷ்லாகின்ஹௌஃபன் படைக்கு வந்த 35,000க்கும் மேற்பட்ட சுவிஸ் இளைஞர்களை அளந்து, இனவகை தேடினார். பெரும்பாலும் கலப்பே கிடைத்தது.

நமக்கு இது அயலூர்க் கதையன்று. சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் நம் முன்னோரின் மூக்கை அளந்து சாதிகளை வகைப்படுத்த முயன்றதும் ஏறத்தாழ அக்காலத்தில்தான். அவரது ஏழு தொகுதிகள் 1909இல் வெளிவந்தன.

1951இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸிலிருந்து அடோல்ஃப் ஷுல்ட்ஸ் சூரிச்சுக்குத் தலைவராக வந்தார். குரங்குகளும் மனிதக்குரங்குகளும் ஆய்வின் மையமாயின. அவரும் அளந்தவர்தான், ஆனால் ஒரே வகைக் குரங்குகளுக்குள்ளேயே உடலுக்கு உடல் எவ்வளவு வேறுபாடு என்பதையே அழுத்திச் சொன்னார்.

அத்துறையின் வரலாற்றில் எனக்கு முக்கியமான ஆண்டு இதுவே. ஊரும் சாதியும் விசாரித்து ஆளை எடைபோடுவோர் புலம்பெயர்ந்த நம்மிடையேயும் உண்டு. அவர்களுக்கு நான் சொல்ல விரும்பும் கதையும் இதுதான்.