ஏட்டுக்கு முன்னே ஓடியவர்கள்

ஒலிம்பிக் நூறு மீட்டர் ஓட்டத்தில் வென்ற பட்டத்தை அடுத்த ஒலிம்பிக்கிலும் தக்கவைத்துக்கொண்ட முதல் மனிதர் யார்? விளையாட்டுச் செய்திகளை ஊன்றிப் படிப்பவர்களிடம் கேட்டாலும் பெரும்பாலும் கார்ல் லூயிஸ் என்றே விடை வரும். 1984இல் லாஸ் ஏஞ்சல்ஸில் வென்றவர். 1988இல் சியோலில் பென் ஜான்சன் ஊக்கமருந்துக்காகத் தகுதிநீக்கம் செய்யப்பட்டபின் மீண்டும் தங்கம் பெற்றவர். ஆனால் அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, 1968 அக்டோபர் 15 அன்று, மெக்சிகோ நகரில் அந்தச் சாதனை நிகழ்ந்துவிட்டது. நிகழ்த்தியவர் வயோமியா டையஸ் என்ற இருபத்துமூன்று வயதுக் கறுப்பினப் பெண். ‘மனிதர்’ என்று கேட்டுவிட்டு ஆண்களிடையே மட்டும் விடை தேடுகிறோம் என்பதை நாம் உணர்வதே இல்லை.

டையஸ் 1945இல் ஜார்ஜியா மாநிலத்தின் கிரிஃபின் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை பால்பண்ணைத் தொழிலாளி; டையஸுக்குப் பதினைந்து வயதானபோது இறந்துபோனார். பள்ளிகளுக்கிடையிலான போட்டியொன்றில் டையஸ் ஓடுவதைக் கண்ட எட் டெம்பிள் என்ற பயிற்சியாளர் அவரை நாஷ்வில் நகரில் தான் நடத்திய கோடைக்காலப் பயிற்சிக்கு அழைத்தார். அந்த அழைப்பே அவரை டென்னசி மாநிலப் பல்கலைக்கழகத்தில் கொண்டு சேர்த்தது.

1912இல் தொடங்கப்பட்ட அது கறுப்பின மாணவர்களுக்கான கல்வி நிலையம். நிறவெறிச் சட்டங்கள் கோலோச்சிய தென்மாநிலங்களில் அவர்களுக்குத் திறந்திருந்த சில கதவுகளில் ஒன்று. அதன் மகளிர் ஓட்ட அணிக்கு ‘டைகர்பெல்ஸ்’ என்று பெயர். புலியையும் அழகியையும் குறிக்கும் இரு ஆங்கிலச் சொற்களின் இணைப்பு. பெயரில் இருந்த மிடுக்கு வசதிகளில் இல்லை. பயிற்சித் தடம் வெறும் மண்தரை. டெம்பிள் சமூகவியல் கற்பித்தார், கல்லூரி அஞ்சலகத்தைக் கவனித்தார், எஞ்சிய நேரத்தில் பயிற்சி அளித்தார். ஆடவர் அணிகளுக்கு இருந்தது போன்ற விளையாட்டு உதவித்தொகை பெண்களுக்கு நெடுங்காலம் கிடையாது. நாள்தோறும் இரண்டு மணிநேரம் கல்லூரி வளாகத்தில் வேலை செய்தே அவர்கள் படித்தார்கள். வகுப்பும் பயிற்சியும் அதற்கு மேல்.

போட்டிகளுக்குச் செல்லும் வழியெங்கும் உணவகங்களும் கழிப்பறைகளும் அவர்களுக்கு மறுக்கப்பட்டிருந்தன. சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு காரில் கிளம்புவார்கள். இயற்கைத் தேவைக்குச் சாலையோரப் புதர்தான். டெம்பிளே வண்டியோட்டிச் சென்றார்.

இந்த அணி ஈட்டியவற்றைப் பாருங்கள். 1960 ரோம் ஒலிம்பிக்கில் வில்மா ருடால்ஃப் மூன்று தங்கம் வென்றார். அவற்றில் ஒன்றான தொடரோட்டத்தில் அமெரிக்காவுக்காக ஓடிய நால்வருமே டென்னசி மாநிலப் பல்கலைக்கழக மாணவிகள். 1964 டோக்கியோவில் எல்லோரும் எதிர்பார்த்தது ஈடித் மக்வைரின் வெற்றியை. நூறு மீட்டரில் பத்தொன்பது வயது டையஸ் அவரை இரண்டாமிடத்துக்குத் தள்ளினார். இருநூறு மீட்டரில் மக்வைர் தங்கம் வென்றார். 1968இல் எண்ணூறு மீட்டர் ஓட்டத்தில் வென்ற முதல் அமெரிக்கப் பெண்ணான மேடலின் மேனிங்கும் இதே அணியினர். டெம்பிளிடம் பயின்ற நாற்பது பேர் ஒலிம்பிக்கில் பங்கேற்று, 13 தங்கம் உட்பட 23 பதக்கங்கள் பெற்றார்கள். அந்த நாற்பது பேரில் 39 பேர் பட்டமும் பெற்றார்கள். டெம்பிள் அதிகம் பெருமைப்பட்டது இந்தப் பின்னைய கணக்கைக் குறித்துத்தான்.

இவர்களில் ருடால்ஃபின் பெயர் மட்டுமே பரவலாக நிலைத்தது. டையஸின் பெயர் மங்கியதற்கு 1968ஆம் ஆண்டும் ஒரு காரணம். அவர் நூறு மீட்டரை 11.0 வினாடியில் உலக சாதனையுடன் வென்ற மறுநாள், சான் ஹோசே மாநிலக் கல்லூரியின் டாமி ஸ்மித்தும் ஜான் கார்லோஸும் வெற்றிமேடையில் கறுப்புக் கையுறை அணிந்த முட்டியை உயர்த்தினார்கள். அந்த ஆண்டின் ஒலிம்பிக் என்றாலே உலகின் நினைவுக்கு வருவது அந்தப் புகைப்படம்தான். அதற்கு அந்தத் தகுதி முற்றிலும் உண்டு. ஆனால் அந்த எதிர்ப்பியக்கத்தைத் திட்டமிட்டவர்கள் கறுப்பினப் பெண் வீராங்கனைகளைக் கலந்தாலோசிக்கவில்லை. டையஸ் தன் எதிர்ப்பைத் தானே தேர்ந்துகொண்டார். அணிக்குரிய வெள்ளைக் கால்சட்டைக்குப் பதிலாகக் கருநிறத்தில் அணிந்து ஓடினார். அதை எவரும் பொருட்படுத்தவில்லை. தொடரோட்டத்திலும் தங்கம் வென்றபின், ஒலிம்பிக் கிராமத்திலிருந்து வெளியேற்றப்பட்டிருந்த ஸ்மித்துக்கும் கார்லோஸுக்கும் அந்த வெற்றியைக் காணிக்கையாக்குவதாகச் செய்தியாளர்களிடம் அறிவித்தார். 2005இல் ஸ்மித்துக்கும் கார்லோஸுக்கும் அவர்களுடைய கல்லூரி வளாகத்தில் சிலை எழுந்தது. டையஸின் சொற்களை அறிந்தவர்கள் இன்றும் மிகச் சிலரே.

இதைவிட ஆழமான காரணம் ஒன்று கல்லூரி விளையாட்டின் ஏடுகளிலேயே இருக்கிறது. அமெரிக்காவின் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் ஆடவருக்கான தடகளப் போட்டியை 1921இல் தொடங்கியது. பெண்களுக்கான தடகளப் போட்டியை அது முதன்முதலாக நடத்தியது 1982இல். இடைப்பட்ட அறுபத்தொரு ஆண்டுகளில் ஓடிய பெண்களுக்கு அந்தச் சங்கத்தின் சாதனைப் பட்டியலில் இடமில்லை. ருடால்ஃப், மக்வைர், டையஸ், மேனிங் நால்வரும் தங்கம் வென்ற கல்லூரி மாணவிகள். ஆனால் அந்த ஏட்டின்படி கல்லூரி வாகையர் அல்லர். கார்ல் லூயிஸோ ஹூஸ்டன் பல்கலைக்கழகத்துக்காக 1981இல் நூறு மீட்டரையும் நீளந்தாண்டுதலையும் வென்று அதில் இடம்பெற்றுவிட்டார்.

மறதி எப்போதும் வஞ்சத்தால் நேர்வதில்லை. இங்கே எவரும் எந்தப் பெயரையும் அடித்துவிடவில்லை. ஏடு தொடங்கிய நாளே இவர்களை விலக்கப் போதுமானதாக இருந்தது. பின்னாளில் அந்தப் பட்டியலைப் புரட்டும் ஆய்வாளர், முதல் பக்கத்தையே வரலாற்றின் தொடக்கம் என்று நம்பிவிடுகிறார்.

கல்வி நிலையங்களில் பால் அடிப்படையிலான பாகுபாட்டைத் தடைசெய்த சட்டம் 1972இல் வந்தது. அதன் பயனாகப் பெரிய பல்கலைக்கழகங்கள் பெண்களின் விளையாட்டுக்குப் பணம் ஒதுக்கத் தொடங்கின. பெண்களால் ஓட முடியும், வெல்ல முடியும் என்பதற்கான சான்று அதற்கு முன்பே இருந்தது. நாஷ்வில் மண்தடத்தில் எழுதப்பட்ட சான்று அது.

டையஸ் பின்னர் லாஸ் ஏஞ்சல்ஸில் குடியேறி, பள்ளிக் குழந்தைகளுக்கு மலைக்காட்டில் இயற்கையைக் கற்றுத்தரும் பணியில் நெடுங்காலம் இருந்தார். தன் வரலாற்றை நூலாக வெளியிட்டபோது ஆண்டு 2018. மெக்சிகோ வெற்றிக்குப் பிறகு அரை நூற்றாண்டு கடந்திருந்தது. நூலின் தலைப்பில் முதலில் நிற்பது அவருடைய பெயரன்று. ‘டைகர்பெல்’ என்ற சொல்தான்.